கன அடிக் கணக்கு

பள்ளத்தூரில் ஆறு கிடையாது.
பேரில் பள்ளம் இருக்கிறது, அவ்வளவுதான்.
பெய்தால் ஊருணிக்குப் போகும் தண்ணீர்,
பெய்யாவிட்டால் லாரியில் வரும்.
மேட்டூரில் வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று
காலைச் செய்தி சொல்லும்போது
எனக்கு மரம்தான் ஞாபகம் வரும்.
என் பிழைப்பும் கன அடியில்.

நாற்பத்தொரு பங்காளிகள். வீட்டைப் பிரிக்கிறார்கள்.
முகப்பில் பதினாறு தூண், வளவில் இருபத்துநாலு,
உத்தரம் தனி, நிலை தனி, கதவு தனி.
அளவு சொல்வது என் வேலை.
பங்கு சொல்வது வக்கீல் வேலை.
சண்டையை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

ஏழாம் தூண்.
சுற்றளவு நாலடி, அதில் கால் ஒன்று, அதன் வர்க்கம் ஒன்று,
நீளம் பதினொன்று:
பதினோரு கன அடி.
சாய்த்துப் படுக்கவைத்ததும்
கல்லுக்குள் இத்தனை காலம் புதைந்திருந்த அடிமுனையில்
சுத்தியலால் அடித்த முத்திரை:
வட்டத்துக்குள் மூன்று கோடு.

"ஆத்துல எல்லாவன் மரமும் ஒண்ணாக் கலந்து வரும்ல,
எது எவனுதுன்னு தெரிய வேணாமா"
என்றார் ரம்பக்காரர் காதர் மைதீன்.

பச்சைத் தேக்கு மிதக்காது.
நின்ற நிலையில் பட்டையை வளையமாய்ச் சீவி
மூன்று வருஷம் சாகவிடுவார்களாம்.
அப்புறம் கோடாலி, அப்புறம் யானை,
அப்புறம் ஓடைக்கரையில் ஒரு பெருமழைக்குக் காத்துக்கிடப்பு.
வராவிட்டால் அடுத்த வருஷம்.
வந்தால்
ஐராவதி.

வரைபடத்தில் பார்த்திருக்கிறேன்.
வடக்கே மலையில் இரண்டு ஆறு கூடி
தேசத்துக்கு வகிடெடுத்த மாதிரி இறங்கி வரும்.
பாமோ, மாந்தளை, புகான், புரோம்.
கரைக்கொரு ராஜாவை உட்காரவைத்து
எழுப்பியும் விட்ட ஆறு.
நீராவிக் கப்பலில் அரண்மனையைப் பிடிக்க வந்த வெள்ளைக்காரனுக்கு
அதுதான் தெரு.
அவனுக்குப் பின்னால், அதே தெருவில்,
கைப்பெட்டியும் விபூதியுமாய் நம்ம ஊர் ஆள்.

காவிரி கடலில் விழும் பட்டினத்தை விட்டு வந்தவர்கள் நாங்கள்,
வெள்ளத்துக்குப் பயந்துதான் இவ்வளவு உயரத்தில் வீடு
என்பார்கள் இவர்கள்.
இருக்கலாம்.
பயந்தவர்கள் போய் கடை போட்ட இடம்
இன்னோர் ஆற்றின் வாய்.

இரும்புப் பெட்டியிலிருந்து பேரேடு ஒன்று கிடைத்தது.
பழைய பேப்பர் கிலோ பதினான்கு ரூபாய்,
தராசில் வைக்குமுன் பிரித்தேன்.
பிள்ளையார் சுழி. சிவமயம். மௌபின் கடை.
பிரஜோத்பத்தி வருஷம், மாசி.
கோ தா டுன், நெல் விலை விழுந்தபடியால் பாக்கி நின்றது,
ஆற்றோர நிலம் இருபத்திரண்டு ஏக்கர்
பாக்கிக்கு ஈடாய் எடுத்துக்கொண்டது.
எருமை இரண்டு, வேண்டாமென்று விட்டது.

முத்து முத்தான எழுத்து.
அடுத்த வரி மா ந்யுன். அதற்கடுத்த வரியும் நிலம்.
எருமை பற்றி மேற்கொண்டு பேச்சில்லை.

பதினேழாம் பங்குக்காரி தேனம்மை எட்டிப் பார்த்தாள்.
"நாப்பத்திரண்டுல குண்டு விழுந்து
எங்க பாட்டையா காடு காடா நடந்தே வந்தாக.
எல்லாம் போச்சு அங்க" என்றாள்.
நான் ஏட்டைத் திருப்பிக் காட்டவில்லை.
மூடவும் இல்லை.
வாசித்தாளா என்பது தெரியாது.
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
கதவுக் குமிழ்களை எண்ணப் போய்விட்டாள்.

முத்திரை இருக்கும் முனையை அரையடி அறுத்துவிடலாம்,
வாங்குகிறவன் சுத்தமாய்க் கேட்கிறான் என்றார் காதர் மைதீன்.
நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

மத்தியானம் வக்கீல் பட்டியலை வாங்கிப் படித்தார்.
வரிசை எண், சுற்றளவு, நீளம், கன அடி, உடமை.
ஏழுக்கு நேரே விரல் நின்றது.
"பிரகாசியம்மா, இதென்ன,
பேருக்குப் பதிலா வட்டம் போட்டு மூணு கோடு?
இது யார் பங்கு?"

"விசாரிக்கணும் சார்" என்றேன்.
பென்சில் மொட்டையாகியிருந்தது.
எட்டாம் தூணைச் சாய்க்க
கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.